எட்டாம் நாள் பிள்ளை

கிராமச் சுகாதார நர்ஸ் செல்வி சிஸ்டர் ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி எங்கள் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நின்றார். கால் வைக்கும் இடத்தில் நீல நிற ஐஸ் பெட்டி. மேலகரத்தில் அன்று சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அவருடைய ரெயின்கோட் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் பெட்டி மூடியில் விழுந்து தெறித்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை எங்க அண்ணாச்சி?"

"குத்தாலத்துக்குப் போயிருக்கு. எம் மகளோட சித்தி வீட்டுக்கு."

"ஒன்பது வாரப் பிள்ளையவா? இந்தச் சாரல்லயா?"

"ஆட்டோலதான் போனாவ."

சொல்லி வாயை மூடவில்லை, உள்ளே தொட்டிலில் கிடந்த பேரன் சிணுங்கினான். முதலில் சின்னதாக ஒரு முனகல். பிறகு நன்றாக, ஊருக்கே கேட்கிற மாதிரி.

"பூனை வளக்கியளோ?" என்றார் சிஸ்டர். அவர் சிரிக்கவில்லை.

என் மகள் கிரேஸ் பின்பக்கம் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்காது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் நான் கேட்டில் நின்றேன். அது எப்போது நிற்குமோ என்று என் முதுகெல்லாம் காதாக இருந்தது.

"மூணு புதனாப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு போன்ல சொல்லிட்டிய. விடாம மூணு வாரம் காய்ச்சல் அடிச்சா, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். காய்ச்சல் இல்லன்னா எங்கிட்டத் தூக்கிட்டு வரணும். நீங்க ரெண்டும் செய்யல. ஒன்றரை மாசத்துல போட வேண்டிய ஊசி அது."

சிஸ்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் குரல் இறங்கியது.

"ஊசியில உங்களுக்கு என்ன பயம்னு எனக்குத் தெரியல. எங்கிட்டக் கேக்கக் கூச்சமா இருந்தா, எங்க பழைய ஹெல்த் இன்ஸ்பெக்டர் பிச்சையா அண்ணாச்சியப் போயிப் பாருங்க. ரிட்டையர் ஆகி எத்தனையோ வருசமாச்சு. சீசன் முடியுத மட்டும் காலையில ஐந்தருவியிலதான் கெடப்பாரு. வாற புதனுக்கு நான் இங்கன வரமாட்டேன். நீங்கதான் வரணும்."

ஸ்கூட்டர் திரும்பியதும் மோட்டார் நின்றது. "யாருப்பா வந்தது?" என்று கிரேஸ் கேட்டாள். கேபிள்காரன் என்றேன்.

இதை வாசிக்கிற தாய்மார்கள் என்னைத் திட்டலாம். எந்த மடையனும் செய்யாத காரியம்தான். மருமகன் சார்ஜாவில் இருக்கிறார். என் மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருசம். பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வீட்டில் நான் ஒருத்தன்தான். ஆஸ்பத்திரிப் படிவத்தில் என் போன் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தோம். சிஸ்டர் என்னைக் கூப்பிடுவார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பேன். கிரேஸ் கேட்பாள், சிஸ்டர் லீவு என்பேன். அடுத்த வாரம் மருந்து வரவில்லை என்பேன். இரண்டு பக்கமும் பொய் சொல்லிக்கொண்டு நடுவில் நின்றேன்.

பயந்தாங்கொள்ளியின் படிப்பு

பயம் எனக்குப் புதிதில்லை. தென்காசியில் கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இடி இடித்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவேன். மேலகரத்தில் பிறந்து வளர்ந்தும், குற்றாலம் மெயின் அருவிக்குள் இன்றுவரை தலையைக் கொடுத்ததில்லை. ஓரமாக வழிகிற தண்ணீரைச் சொம்பில் பிடித்து ஊற்றிக்கொண்டு வந்துவிடுவேன். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றதும் பயத்தால்தான். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு, பெரியம்மை வராமல் தடுக்க, அம்மை குத்த வந்தார்கள். என் வயதுக்காரர்களின் புஜத்தில் வட்டமாகக் காசு ஒட்டிய மாதிரி தழும்பு இருக்குமே, அந்தக் குத்து. எனக்குக் கைப்பிள்ளையிலேயே குத்தியாகிவிட்டது. இரண்டாம் தடவையும் குத்துவார்கள் என்று எவனோ சொன்னான். நான் சுவர் ஏறிக் குதித்து ஓடி, சன்னதித் தெருப் பக்கம் ஒரு அச்சாபீஸுக்குள் பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

முதலாளி என்னைக் கண்டுபிடித்துவிட்டார். அடிக்கவில்லை. "சும்மா இருக்காத. சிந்திக் கெடக்கிற எழுத்தப் பொறுக்கி அந்தந்தக் கட்டத்துல போடு," என்றார். பொறுக்கிப் போட்டேன். மறுநாளும் அங்கேயே போனேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடிப்பாரே என்று பயம். வீட்டில் கொஞ்ச நாள் தேடினார்கள், திட்டினார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள்.

ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துத்தான் நான் தமிழ் கற்றேன். அதனால்தான் இந்தப் பத்திரிகையில் வாராவாரம் எழுத முடிகிறது. கம்பாசிட்டர் என்ற அந்த வேலையும் பிறகு போய்விட்டது. இப்போது தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

தொழில் என்ற கட்டம்

பேரன் பிறந்து ஒன்றரை மாதம் இருக்கும். எங்கள் சபைக் குருவானவர் துணிப்பையில் பழைய பதிவேடுகளைக் கொண்டுவந்து கடையில் வைத்தார்.

"தொட்டா ஒடியுது. முழுசாப் போறதுக்குள்ள ஒரு காப்பி எடுத்து வச்சிரும்."

ஞானஸ்நானப் பதிவு, கல்யாணப் பதிவு, அடக்கப் பதிவு. அந்தக் காலத்தில் சபையைக் கவனித்துக்கொண்ட உபதேசியார் ஒருவர் எழுதிய நாட்குறிப்பும் அதில் இருந்தது. மூடியை அழுத்தினால் தாள் உடைந்துவிடும். கண்ணாடியில் பூ வைக்கிற மாதிரி வைத்து ஒவ்வொரு பக்கமாக எடுத்தேன். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் படிக்க நேரம் கிடைத்தது.

ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் "தொழில்" என்று ஒரு கட்டம். அதில் இருந்தவற்றைப் பார்த்தபோது பாதி எனக்குப் புரியவில்லை. பங்கா இழுக்கிறவன். துரை குதிரைக்குப் புல் அறுக்கிறவன். டோலி சுமக்கிறவன்; குற்றாலத்து மலைமேல் ஏறிப்போக ஆசைப்பட்ட துரைசானிகளை நாற்காலியோடு தோளில் தூக்கிக்கொண்டு போனவனாக இருக்க வேண்டும். தபால் மூட்டையோடு ஓடுகிறவன். ஒருத்தனுக்கு வெறுமனே "மணி பார்க்கிறவன்" என்று போட்டிருந்தது. எந்த மணியை, எதற்காகப் பார்த்தான் என்று யாரைப் போய்க் கேட்பது? நாள் முழுக்க அதையே செய்து, கை காய்த்து, அதில் வந்த சோற்றைத் தின்று வாழ்ந்திருக்கிறான். இன்று அவன் என்ன செய்தான் என்றே நமக்குத் தெரியவில்லை.

அந்த வரிசையில்தான் யேசுவடியான் வந்தார். மகள் அன்னம்மாளுக்கு ஞானஸ்நானம். தொழில்: அம்மை குத்துகிறவன்.

அன்னம்மாள் என் தாத்தாவைப் பெற்றவள். யேசுவடியான் அவளுடைய தகப்பன். "நம்ம வம்சத்துல ஒருத்தர் அந்தக் காலத்துலயே டாக்டர்" என்று என் அப்பா கல்யாண வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அந்த டாக்டர் இவர்தான் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மை குத்துகிறவனுக்குப் பயந்து படிப்பை விட்டவன், அம்மை குத்துகிறவனின் வம்சம்.

அந்தச் சிரிப்பு அடக்கப் பதிவு வரைதான் நிலைத்தது.

ஒரு பக்கம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள். இரண்டு வயது, நான்கு வயது, எட்டு மாதம். ஊர் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை சுந்தரபாண்டியபுரம். மரணக் காரணம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை அம்மை. எழுதியவருக்குக் கை சலித்திருக்க வேண்டும். பாதிக்குக் கீழே "மேற்படி, மேற்படி" என்று போட்டுவிட்டார்.

அடுத்து உபதேசியாரின் நாட்குறிப்பைக் கண்ணாடியில் வைத்தேன். ஒரு பக்கத்தின் அடியில் இப்படி இருந்தது: "ஆராதனை முடிந்து வெளியே வருகையில், சுந்தரபாண்டியபுரத்து ஸ்திரீ ஒருத்தி யேசுவடியான் பேரில் மண்ணை வாரித் தூற்றினாள். என் பிள்ளை போனதுபோல உன் வீட்டிலும் போகக்கடவது என்றாள். அவன் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றான்."

மண்ணை வாரித் தூற்றுவது எங்கள் பக்கத்தில் சும்மா செய்கிற காரியமில்லை. கிறிஸ்து வேதத்துக்கு வந்தவர்கள் ஆனாலும் அதற்குப் பயப்படுவோம். அதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன். இவர் குத்தியிருக்கிறார், பிள்ளைகள் செத்திருக்கிறார்கள், தாய் சபித்திருக்கிறாள். அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கண்ணாடியில் கவிழ்த்தேனே தவிர, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

கையில் ஒரு பருப்பு

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேரனைத் தூக்கினேன். சட்டை விலகி, இடது புஜத்தில் துவரம்பருப்பு அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது. நுனியில் வெள்ளையாகச் சீழ்.

"இது என்னம்மா?"

"பொறந்தன்னைக்குப் போட்டாங்கல்லா, அந்த ஊசி. இப்படி வரும்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லித்தான் விட்டாங்க."

சரி என்றேன். கிரேஸ் பி.காம். படித்தவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கண் அந்தப் பருப்பிலேயே நின்றது. "உன் வீட்டிலும் போகக்கடவது." ஆறு தலைமுறை தாண்டியும் ஒரு சொல் இறங்குமா? இறங்காது என்று புத்தி சொன்னது. இறங்கினால் என்ன செய்வாய் என்று மனது கேட்டது.

அந்த வாரம்தான் சிஸ்டரின் முதல் போன் வந்தது. நாளைக்குப் புதன், பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருங்க என்றார். காய்ச்சல் என்றேன். எப்படி அவ்வளவு சுளுவாக வந்தது அந்தப் பொய் என்று எனக்கே தெரியவில்லை.

பொய் சொன்ன பிறகு பயம் இரண்டாயிற்று. ஊசி போட்டால் என்ன ஆகுமோ என்பது ஒன்று. போடாமல் விட்டதால் என்ன ஆகுமோ என்பது இன்னொன்று. தெருவில் யாராவது இருமினால் பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினேன். கிரேஸ் என்னைப் பாசமுள்ள தாத்தா என்று நினைத்தாள்.

ஐந்தருவியில்

சிஸ்டர் வந்து போனதற்கு நாலாம் நாள், பக்கங்களின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் பஸ் ஏறினேன். சனி, ஞாயிறு கூட்டம் வடிந்த நாள். தண்ணீர் நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் வாடையும் மிளகாய் பஜ்ஜி வாடையும் ஈரத்தில் கலந்து கிடந்தன.

பிச்சையா அண்ணாச்சி படியில் உட்கார்ந்து துண்டால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். எண்பதைத் தாண்டிய உடம்பு, கைத்தடி கிடையாது. சிஸ்டர் பெயரைச் சொன்னேன்.

"மேலகரத்து ஜெராக்ஸ்காரரா? வாரும் வே. பிள்ளைக்கு ஊசி போடாம ஒளிச்சு வச்சிருக்கவரு நீருதானா. செல்வி சொன்னா. இத்தன வயசுக்கு மேல ஒளிஞ்சு பிடிச்சு வெளையாடுதீரு."

தலையைக் குனிந்துகொண்டு, அச்சாபீஸுக்கு ஓடிப்போன கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். யேசுவடியான், செத்த பிள்ளைகள், மண், பேரன் கையில் வந்த பருப்பு. அவர் கடைசியிலிருந்து ஆரம்பித்தார்.

"பேரன் கையில பொங்குனது, மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அதுபாட்டுக்கு ஆறும். நோண்டாம இரும். அடுத்தது என்ன, உம்ம பாட்டன் குத்திப் பிள்ளையளு செத்துச்சுன்னு யாரு சொன்னா?"

"எழுதியிருக்கு அண்ணாச்சி."

"எழுதியிருக்கத வாசியும்."

வாசித்தேன். மண்ணை வாரித் தூற்றினாள், போகக்கடவது என்றாள், பேசாமல் நின்றான்.

"மிச்சம்?"

"அடுத்த பக்கத்துல இருக்கும்."

"இருக்கும்னா? காப்பி எடுத்தது நீருதானே?"

"முகத்தைத் திருப்பிக்கிட்டு எடுத்தேன்."

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. குளித்துவிட்டு வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "பாதி வாசிச்சிட்டு மீதிய நீரே எழுதிக்கிட்டீரா? நல்ல கம்பாசிட்டர் வே," என்றார்.

மருந்தை எதில் வைத்துக் கொண்டுபோவது

உறைக்குள் கையைவிட்ட என்னை அவர் நிறுத்தினார்.

"வாசிக்கிறதுக்கு முந்தி, அந்த உத்தியோகம் என்னன்னு தெரிஞ்சுக்கிடும். நான் குத்துன காலத்துல மருந்து குப்பியில வந்துட்டுது. உம்ம பாட்டன் காலத்துல ஐஸ் பெட்டி கெடையாது, கரண்ட் கெடையாது. இந்த வெயில்ல குப்பியில அடைச்சா மருந்து செத்துப்போகும். அப்ப எதுல வச்சுக் கொண்டுபோவான், சொல்லும்?"

"தெரியல."

என் இடது கையைப் பிடித்தார். புஜத்தில் தழும்பு இருக்கும் இடத்தில் கட்டைவிரலை அழுத்தினார்.

"இதுல. உசுரோட இருக்க பிள்ளை கையில. ஒரு பிள்ளைக்கு இங்கன கீறிப் பால் வைப்பான். மருந்துக்குப் பால்னுதான் அப்பப் பேரு. எட்டாம் நாள் அந்த இடத்துல முத்து மாதிரிப் பொங்கி நிக்கும். அதுல இருந்து தொட்டு அடுத்த பிள்ளைக்கு வைக்கணும். அந்தப் பிள்ளைக்குப் பொங்க இன்னும் எட்டு நாள். இப்படியே ஊர் ஊராப் போகணும். அடுத்த ஊர்ல வைக்கணும்னா, கையில பொங்கி நிக்க பிள்ளையத் தோள்ல தூக்கிட்டு அந்த ஊருக்கு நடக்கணும். எட்டாம் நாளு தவறினா பால் காஞ்சு போச்சு. சங்கிலி அறுந்து போச்சு. மறுபடி எங்கயிருந்தாவது புதுசாப் பால் கொண்டாந்து முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. அருவிச் சத்தம் வேறு.

"குத்துறதுக்கு ரெண்டு நிமிசம் போதும் வே. மத்த நேரமெல்லாம் உம்ம பாட்டனுக்கு வேலை பிள்ளை தேடுறது. எட்டு நாளைக்கு ஒருக்க ஒரு தாய் முன்னால போயி, உன் பிள்ளைய எங்கூட அனுப்புன்னு நிக்கணும். எவ அனுப்புவா? நான் குத்தப் போறப்பவே பிள்ளைய நெல் குதிருக்குள்ள இறக்கி மூடி வச்சவளுகளப் பாத்திருக்கேன். எம்மேல நாய ஏவி விட்டிருக்காளுக. அந்த மனுசன் பாடு என்னவா இருந்திருக்கும்? இப்ப வாசியும்."

அடுத்த பக்கத்தை எடுத்தேன். முதல் வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பொறுக்க மாட்டாமல் தாளைப் பிடுங்கி, ஈரக் கண்ணாடியைத் துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டு, தானே உரக்க வாசித்தார்.

"காரணம் விசாரித்தேன். சுந்தரபாண்டியபுரத்தில் அம்மை கண்டபடியால், எட்டாம் நாளில் பால் கொண்டுவருகிறேன் என்று யேசுவடியான் வாக்குக் கொடுத்திருந்தான். வேறே பிள்ளை கிடைக்காததினால் தன் மகள் அன்னம்மாளின் கையிலேயே பால் வைத்திருந்தான். அது நன்றாய் முற்றியிருந்தும், அம்மையுள்ள ஊருக்குப் பிள்ளையைக் கொண்டுபோக அவனும் அவன் மனைவியும் பயந்து, பிள்ளையைக் குச்சில் அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் கடந்துபோயிற்று. அந்த ஊரார் பாலுக்குக் காத்திருந்தார்கள்."

வாசித்து முடித்தவர் தாளை மடியில் போட்டார். பிறகு கேட்டார்.

"பிள்ளையள அடக்கம் பண்ணுன பக்கம் இருக்கா? தேதியப் பாரும்."

பார்த்தேன். முதல் பிள்ளை அடக்கமானது நாட்குறிப்பில் தேதி போட்டிருந்த அந்த எட்டாம் நாளுக்கு அப்புறம். மற்றவை எல்லாம் அதற்கும் அப்புறம், ஒன்றின் பின் ஒன்றாக. இரண்டு நகலும் மூன்று வாரமாக என் பையில்தான் இருந்தன. நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"கையில பால் பொங்கி நிக்க பிள்ளைய அம்மை ஒண்ணும் செய்யாது," என்றார் பிச்சையா அண்ணாச்சி. "அன்னைக்கு அந்த ஊருக்குள்ள பயமில்லாமப் போயிட்டு வரக்கூடிய ஒரே பிள்ளை அதுதான். அதைப் போயிப் பூட்டி வச்சிருக்கான். அவனுக்கே தெரியும் வே. உத்தியோகமே அதுதான். தெரிஞ்சும் பயந்திருக்கான்."

மண்ணைத் தூற்றும்போது யேசுவடியான் ஏன் பேசாமல் நின்றார் என்று இப்போது தெரிந்தது. குத்தியதற்காக விழுந்த மண் அல்ல அது. போகாமல் வீட்டில் இருந்ததற்காக விழுந்தது. பூட்டிய குச்சிலுக்குள் இருந்த அந்தப் பிள்ளை பிழைத்து, வளர்ந்து, என் தாத்தாவைப் பெற்றது.

"நாளக்கழிச்சுப் புதன்," என்று எழுந்தார் அண்ணாச்சி. "இன்னைக்கே பிள்ளையப் பெத்தவகிட்டச் சொல்லும். செல்வி வாயால அவளுக்குத் தெரிஞ்சா நீரு கெட்டீரு."

சொன்னது

வீட்டுக்கு வந்தபோது கிரேஸ் பாலைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை என் தோளில் சாய்த்தாள். ஏப்பம் வருவதற்கு முதுகைத் தட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டிருந்தால் அவள் சத்தம் போடமாட்டாள் என்று ஒரு கோழைக் கணக்கும் அதில் இருந்தது.

அவள் சத்தம் போடவில்லை.

"சிஸ்டர் லீவுன்னு சொன்னது?"

"பொய்ம்மா."

"மருந்து வரலன்னது?"

"அதுவும்."

"அன்னைக்குக் கேபிள்காரன் வந்தான்னிய."

பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினேன்.

"மூணு வாரமாப் பிள்ளைக்குப் பக்கத்துல உக்காந்து கொஞ்சிக்கிட்டே இருந்தியளே அப்பா. அப்பல்லாம் இதுதான் மனசுல ஓடிச்சா?" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பயப்படாதீயன்னு சொல்லியிருப்பேன். திட்டக்கூட மாட்டேன்."

பிறகு எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிள்ளையத் தாங்க."

கொடுத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். அன்றும் மறுநாளும் பேரனை என் கையில் தரவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தாள், மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள். பிள்ளையை மட்டும் தரவில்லை. தூக்கிக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தாலும் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

புதன்

துணை சுகாதார நிலையத்தில் தாய்மார்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செல்வி சிஸ்டர் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்த்து, "குத்தாலத்துல இருந்து எப்ப வந்திய துரை?" என்றார். கிரேஸ் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. என் பக்கம் அது திரும்பவில்லை.

"கால அசையாமப் பிடிக்கணும். அண்ணாச்சி பிடிச்சுக்கிடுதியளா?"

"நான் பிடிச்சுக்கிடுதேன் சிஸ்டர்," என்றாள் கிரேஸ்.

நான் பையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். சொட்டு மருந்துக்குச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று மூச்சை இழுத்துப் பிடித்தான். அப்புறம் வீறிட்டான். காதைப் பொத்த கை எழும்பியது. பொத்தவில்லை. முழுக்கக் கேட்டேன்.

ஆட்டோவில் திரும்பும்போது, அழுது களைத்துத் தூங்கிய பிள்ளையின் தலைக்கு மேலாக அவள் கேட்டாள்.

"மண்ணு தூத்துனவ பேரு என்னப்பா?"

"எழுதலம்மா. ஸ்திரீ ஒருத்தின்னு மட்டுந்தான் இருக்கு."

"செத்த பிள்ளையள் பேரு?"

"அது இருக்கு. அதுல எது அவ பிள்ளைன்னு தெரியாது."

"எல்லாத்தையும் எழுதித் தாங்க."

நகலை அப்படியே கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் எழுதித் தரச் சொன்னாள். அன்று கடை திறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில், மேற்படி போட்ட இடத்திலெல்லாம் மேற்படி போடாமல், ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வயதையும் ஊரையும் முழுசாக எழுதினேன். இரண்டு தாள் ஆயிற்று. ஒரு பிள்ளைக்குப் பெயரே இல்லை. "ஆண் குழந்தை, பதினாறு நாள்" என்றிருந்தது. அதையும் எழுதினேன்.

சாயங்காலம் வழக்கம்போல் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். கிரேஸ் வேதம் வாசித்துவிட்டு அந்தத் தாள்களை எடுத்தாள். ஒவ்வொரு பெயராக, அவசரப்படாமல் வாசித்தாள். பதினாறு நாள் பிள்ளையிடம் வந்தபோது நிறுத்தினாள், பிறகு வாசித்தாள். கடைசியில் யேசுவடியான் பெயரையும் சொன்னாள். அது தாளில் இல்லை.

ஆமென் சொல்லி எழுந்தவள், தொட்டிலில் இருந்து பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊசி போட்ட தொடை கொஞ்சம் வீங்கியிருந்தது. உடம்பு கணகணவென்று இருந்தது. காய்ச்சல் வரும், ஒரு நாளில் போய்விடும் என்று சிஸ்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"மருந்து கொடுத்தாச்சு. நான் சோறு வடிக்கணும். பிடிங்க," என்று என் முன்னால் நீட்டினாள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.